பம்ப் பக்கத்தில் நின்றவர்

மாமா அனுப்பிய வாசகத்தை மகள் ஒரு லிப்ட் குழிக்குள் நின்றபடி படித்தாள். பத்து மாடிக் கட்டிடத்தின் அடியில், தலைக்கு மேலே இருட்டில் கம்பி வடங்கள் தொங்கிக்கொண்டிருக்க, கைபேசித் திரை மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"எரியும் கட்டிடத்துக்குள் தனியொருவராகப் பாய்ந்து, பெற்ற மகளைத் தோளில் சுமந்து மீண்ட மாவீரர்."

அதற்குக் கீழே, எப்படி இருக்கிறது என்று மாமா கேட்டிருந்தார். ஐந்து மணிக்குக் கல்லில் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். மணி அப்போது ஒன்றரை.

லிப்ட்களைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது அவள் வேலை. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டாள் என்று அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பாராட்டிச் சொல்பவர்களும் இருந்தார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்பவர்களும் இருந்தார்கள். இப்போது அவள் அப்பாவைப் பற்றி, அவள் பார்க்காத ஒன்றை, அழியாத எழுத்தில் வெட்டப்போகிறார்கள்.

அப்பா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் தீயணைப்பு வண்டியை ஓட்டி, அதன் பம்ப்பையும் இயக்கியவர். ஓய்வு பெற்ற பிறகு பதினோரு வருடம் வீட்டோடு இருந்து, ஒரு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்து தூங்கியவர் அப்படியே போய்விட்டார். அவர் வேலை செய்த நிலையத்தில், பயிற்சி முற்றத்துச் சுவரில் அவருக்கு ஒரு கல் வைப்பதென்று முடிவானது. தரைக்கல் வியாபாரம் செய்யும் மாமா, அம்மாவின் தம்பி, கல் என்னுடையது என்று முந்திக்கொண்டார். கல் அவருடையது என்றால் வாசகமும் அவருடையதாகிவிடும் என்று யாரும் யோசிக்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு.

வாசகம் தப்பு. அதைவிடச் சங்கடம், அந்தத் தப்பை முதலில் செய்தவளே அவள்தான்.

ஏழு வயதில் அவள் ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பு இரண்டாவது மாடியில். தரைத்தளத்தில் துணிக் கிடங்கு. ஒரு மாலை, துணி பிடித்துக்கொண்டது. மற்ற பிள்ளைகளை எல்லாம் பின்பக்கமாக இறக்கிவிட்டார்கள். இவள் மட்டும் வண்ணப்பெட்டியை மறந்துவிட்டேன் என்று திரும்பி ஓடி, படிக்கட்டுத் திருப்பத்தில் புகைக்குள் மாட்டிக்கொண்டாள். தலைக்கவசமும் முகமூடியும் போட்ட ஓர் உருவம் வந்து அவளைத் தூக்கியது. "அப்பாவா?" என்று கேட்டாள். அந்த உருவம் ஆமாம் என்று தலையை ஆட்டியது. பயந்த குழந்தையிடம் வேறென்ன சொல்வது? அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க, தெரு முழுக்க, சொந்தக்காரர்கள் முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. அவள்தான் பரப்பினாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் தீ ஒரு மாடி உயர்ந்தது.

பதினோரு வயதில் பள்ளி மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு வந்த அன்று, அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தூக்கி வந்தது நான் இல்லை, ஒட்டகம் சித்தப்பா என்றார். கழுத்து நீளமாக இருந்ததால் நிலையத்தில் அவருக்கு அந்தப் பெயர். அப்பா அவ்வளவு நேரமும் வெளியே வண்டி பக்கத்தில் நின்றிருந்தார்.

"நீங்க ஏன் உள்ள வரல?"

"தண்ணி குடுத்துட்டு இருந்தேன்."

ஒன்பது நாள் அவள் அவரோடு பேசவில்லை. அப்பா கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. வழக்கம்போல அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டார். வழக்கம்போல அவள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பத்தாம் நாள் அவளை நிலையத்துக்குக் கூட்டிப்போய், பயிற்சி முற்றத்தில் ஒட்டகத்தோடு சேர்த்துக் குழாய் முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொள் என்றார். அவர் வண்டிக்குப் போனார். சுருண்டு கிடந்த துணிக்குழாய் திடீரென்று உயிர் வந்ததுபோல் இறுகியது. தோளில் முட்டியது, தள்ளியது, ஆனால் துள்ளவில்லை. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளைத் தாங்கிப் பிடித்திருப்பதுபோல இருந்தது. ஒட்டகம் அவள் காதருகே குனிந்து, "இதுதான் கண்ணு உங்கப்பன். உள்ள இருக்கறப்போ எங்களுக்கு அவன் இப்படித்தான் தெரிவான்" என்றார்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவள் நிறுத்தியதும் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்களா என்ன? கதைக்குத்தான் அதற்குள் கால் முளைத்துவிட்டதே.

குழியிலிருந்து மேலே ஏறி வந்ததும் மாமாவைக் கூப்பிட்டாள். மாமா வாடிக்கையாளரிடம் ஒரு கையும் அவளிடம் ஒரு காதுமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னதும், அதெல்லாம் எனக்கும் தெரியும் என்றார். எந்த வீரர் எந்தப் பக்கம் நின்றார் என்று கல்லைப் படிப்பவன் அளந்து பார்க்கப் போகிறானா என்றார். முப்பது வருடமாக அதே வண்டி, அதே இருக்கை என்று அத்தானை நான் எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன், செத்த பிறகாவது அவரை இரண்டு படி ஏற்றி வைக்கிறேனே என்றார். பிறகு கடைசியாக, "பாப்பா, உங்கம்மாவே சரின்னுட்டா. அதுக்கு மேல நீ யாரு?" என்றார்.

முப்பத்தாறு வயதான பாப்பா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

பேருந்தில் போகும்போது அப்பா நினைவுதான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முதலில் வெளியேறும் வாசல்களை எண்ணிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வணக்கம் சொல்வார். சினிமாவுக்குப் போனால் கடைசி வரிசை, கதவோர இருக்கை. பணிக்குப் போன அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போன் வரும். யார் யார் எங்கெங்கே என்று கேட்டுக்கொள்வார். அவளுக்குத் தலை பின்னிவிட்டால், அவிழ்க்க இரண்டு பேர் வேண்டும். குழாய் கட்டும் முடிச்சுதான் அவருக்குத் தெரிந்த ஒரே முடிச்சு. அடுப்பில் பால் வைத்தால் பொங்கும்வரை அங்கேயே நிற்பார். போன் அடித்தாலும் திரும்பமாட்டார். "நிக்க வெச்ச எடத்துல நிக்கணும்" என்பார். அதை அறிவுரையாகச் சொன்னதில்லை. பாலைப் பார்த்துக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே, தம்பி போன் பண்ணினான் என்று அவளே ஆரம்பித்தாள். எழுதினது எழுதினதாக இருக்கட்டும் என்றாள். நல்லதாகத்தானே எழுதியிருக்கிறான்? ஊர் உலகத்துக்குத் தீக்குள்ளே போனவன்தான் வீரன், பம்ப் பக்கத்தில் நின்றவனை யாருக்குப் புரியும்?

"அம்மா, அந்தக் கல்லு எங்க இருக்கப்போகுது தெரியுமா? பயிற்சி முற்றத்துல. தினமும் பம்ப் பிடிச்சுப் பழகறவங்க பார்க்கப்போற கல்லு அது. பம்ப்ப விட்டுட்டு உள்ள ஓடினவர்தான் வீரர்னு அதுல எழுதி வெச்சா, அவங்க என்ன கத்துப்பாங்க? அப்பா அப்படிச் செஞ்சிருந்தா நானும் இல்ல, சித்தப்பாவும் இல்ல."

அம்மாவின் கை நின்றது. மடித்துக்கொண்டிருந்தது அப்பாவின் சட்டை. இரண்டு மாதமாகியும் அவர் சட்டைகளை எடுத்து உதறி மறுபடி மடித்து வைப்பாள். அதை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா அழவில்லை.

"உங்கப்பாவ நிலையத்துல சோப்புன்னு கூப்பிடுவாங்களே, ஏன்னு தெரியுமா?"

எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுவாரே, அதனால்தான் என்று மகள் சொன்னாள். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"தீப்பிடிச்ச அன்னிக்குக் கையுறை ஈரமா இருந்துச்சு, பம்ப் விசையில கை வழுக்கிடுச்சுன்னு விசாரணையில சொன்னாரு. அதுலேர்ந்து சோப்பு." அம்மா சட்டையின் காலரை நீவினாள். "கை வழுக்கல. நான் இழுத்தேன்."

பிறகு அவள் சொன்னதெல்லாம் நிதானமாக, நேற்று நடந்ததைச் சொல்வதுபோல இருந்தது. வகுப்பு முடியும் நேரத்துக்கு மகளைக் கூட்டிப்போக அம்மா அந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாள். வந்து பார்த்தால் புகை. கூட்டம். வண்டி. வண்டியின் பக்கவாட்டில் விசையின் மேல் ஒரு கையும், அழுத்தம் காட்டும் முள்ளின் மேல் கண்ணுமாகப் புருஷன். உள்ளே இருப்பது நம் பிள்ளை என்று கத்தினாள். தெரியும் என்றார். போய்த் தூக்கிட்டு வாங்க என்றாள். அவர் திரும்பவில்லை. அவர் முதுகில் குத்தினாள். அப்போதும் திரும்பவில்லை. கடைசியில் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். கையோடு விசையும் வந்துவிட்டது. இயந்திரத்தின் சத்தம் பொசுக்கென்று அடங்கியது. தெருவில் கிடந்த குழாய் தொய்ந்துபோனதை அவளே பார்த்தாள். அவர் முழங்கையால் அவளை ஒரு தள்ளுத் தள்ளினார். அவள் தரையில் விழுந்தாள். மறுபடி விசை ஏறி, மறுபடி குழாய் இறுகியது. வாழ்க்கையில் அவர் அவள்மேல் முரட்டுத்தனமாகக் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

"சில விநாடிதான். ஆனா அந்தச் சில விநாடியில உள்ள இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒட்டகத்தோட காதைப் பார்த்தா தெரியும்."

ஒட்டகத்தின் இடது காது மேல்பாதி சுருங்கி, வாடிய இலைபோல இருக்கும். வீட்டுக்கு வரும்போதெல்லாம் "டேய் சோப்பு, என் காதைக் குடுடா" என்பார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அம்மா உடனே எழுந்து டீ போடப் போய்விடுவாள். எத்தனை பேர் வந்திருந்தாலும் முதல் டம்ளர் ஒட்டகத்துக்குத்தான். பிள்ளையைத் தூக்கி வந்த நன்றி என்று மகள் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குப் பதவி உயர்வு வராம போனதும் அதனாலயா?"

"அதனாலதான். நான் போய் உண்மையச் சொல்றேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு. நீ அவளோட அம்மா, இழுக்கத்தான் செய்வே, நான் பம்ப்காரன், யாரு இழுத்தாலும் விடக்கூடாது, விட்டது என் கைதானேன்னாரு. எனக்காகச் சொன்ன பொய்யின்னு நெனைக்காதே. அவரு அதை நெஜமாவே நம்பினாரு. அதான் என்னால மேல ஒண்ணும் பேச முடியல."

அந்த ஒரு விநாடியில் அப்பா அவளுக்கு முன்னைவிடப் பெரியவராகத் தெரிந்தார், அம்மா முன்னைவிடப் பக்கத்தில் தெரிந்தாள். தம்பி எழுதியதற்கு அம்மா ஏன் தலையாட்டினாள் என்பதும் புரிந்தது. கல்லில் அப்பாவைத் தீக்குள் அனுப்பிவிட்டால், பம்ப் பக்கத்தில் யாருமே இல்லை. இழுத்தவளும் இல்லை.

"எத்தனை விநாடின்னு ஒட்டகத்துக்குத் தெரியும்," என்றாள் அம்மா. "இருபத்தொன்பது வருஷமா கேக்கணும்னு நெனச்சுக் கேக்கல. உங்கப்பா இருந்தவரைக்கும் அவரு பேச்ச மீறக் கூடாதுன்னு ஒரு சாக்கு இருந்துச்சு." சட்டையை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "மணி என்ன ஆச்சு?"

மூன்று ஆகியிருந்தது.

ஒட்டகம் நாலு தெரு தள்ளி இருந்தார். வாசல் இரும்புக் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பெயிண்ட் கதவில் பாதியும் அவர் கையில் மீதியுமாக இருந்தது. அண்ணியைக் கண்டதும் முக்காலியை விட்டு எழுந்து, உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. மூச்சு வாங்கக்கூட நிற்காமல், அன்றைக்கு விசையை இழுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டாள். மகளிடம் சொன்னதைவிடப் பாதி வார்த்தைதான் செலவானது.

ஒட்டகம் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார். அது உருண்டு உள்ளே விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. அந்த நீளக் கழுத்து மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்கு இது தெரியாது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"அதனால நல்லதுதான் அண்ணி ஆச்சு. தண்ணி நின்னதும் நாங்க தரையோட படுத்தோம். படுத்ததாலதான் புகைக்கு அடியில பாப்பாவோட காலு தெரிஞ்சுது. நீங்க இழுக்கலேன்னா நான் தாண்டிப் போயிருப்பேன்."

மகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் நின்றது படிக்கட்டுத் திருப்பத்தில், குழாயோடு வந்தவர்களுக்கு மேலே பன்னிரண்டு படி தள்ளி. அதை அவள் மறக்கவே இல்லை. ஆனால் இதைச் சொல்வதா? நல்ல மனதோடு சொன்ன பொய். அம்மாவுக்கு இருபத்தொன்பது வருடப் பாரம் இறங்கிவிடும். கண்ணால் பார்த்ததற்கு மட்டுமே கையெழுத்துப் போடுகிறவள் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா மூடிக்கொள்ளவில்லை.

"கதை விடாதப்பா. அவ படிக்கு மேல இருந்தா. படுத்தா எப்படித் தெரியும், நிமிர்ந்தாத்தானே தெரியும்? எனக்கு ஆறுதல் வேணாம். எத்தனை நேரம் நின்னுச்சு, என்ன ஆச்சு, அதைச் சொல்லு."

ஒட்டகத்தின் சிரிப்பு போய்விட்டது. முக்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"நாலு மூச்சு," என்றார். "எண்ணினேன். முதல் மூச்சுல குழாய் கையில செத்துப்போச்சு. ரெண்டாவதுல தீ கூரையோட உருண்டு எங்க தலைக்கு மேல வந்துச்சு. மூணாவதுல காது. நாலாவதுல, சோப்பு எங்களை விட்டுட்டு ஓடிட்டான்னு நெனச்சேன். ரொம்ப மோசம் அண்ணி அந்த நாலு மூச்சு. அப்பறம் தண்ணி வந்துச்சு. அப்படி வந்ததை நான் அதுக்கு முன்ன பார்த்ததில்ல. வேகம் ஒரு துளி குறையாம, கடைசிப் படி வரைக்கும் அப்படியே வந்துச்சு."

தன் பச்சைக் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"வெளிய வந்து பாப்பாவ உங்க மடியில போட்டுட்டு, நேரா போய் அவனை ஓங்கி ஒண்ணு விட்டேன். எல்லாரும் பார்க்க. வாங்கிட்டு நின்னான். ஒரு வார்த்த பேசல. ஆளு தெரியாம அடிச்சிருக்கேன், பாருங்க."

"அதையும் பார்த்தேன்," என்றாள் அம்மா. "எனக்கு விழ வேண்டியது. வேணும்னா இப்ப அடிச்சுக்கோ."

"கையெல்லாம் பெயிண்ட் அண்ணி."

அம்மாதான் முதலில் சிரித்தாள். அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. ஒட்டகமும் சேர்ந்துகொண்டார். சிரித்து முடித்ததும் தோள்பட்டையால் கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் பச்சை ஒட்டிக்கொண்டது. துடைத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, ஒரு பழைய விஷயம் என்று மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள்.

சனிக்கிழமை இதை நான் எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன் என்று அம்மா அறிவித்தாள். ஒட்டகம் தயங்கினார். அவனே மூடி வைத்ததை நாம் திறக்கலாமா என்றார்.

"அவரு நிக்க வேண்டிய எடத்துல அவரு நின்னாரு. என் எடம் ஒண்ணு இருக்குல்ல," என்றாள் அம்மா. ஒட்டகம் டப்பாவுக்குள் கையை விட்டுத் தூரிகையை எடுத்தார்.

நாலரை மணிக்கு மகள் மாமாவைக் கூப்பிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தாள். மாமாவின் குரல் தெருவுக்கே கேட்டது. என்னுடைய வரி அத்தனையும் போச்சா, மாவீரரும் போச்சா என்று அங்கலாய்த்தார். அம்மா அவர் ஓயும்வரை காத்திருந்தாள்.

"எழுதிக்கோடா. முதல்ல பேரு. அதுக்குக் கீழ, பம்ப் ஓட்டுநர், முப்பத்திரண்டு ஆண்டுகள். அதுக்குக் கீழ, உள்ளே சென்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். முடிஞ்சுது."

"இவ்வளவுதானா? கல்லு பெருசுக்கா. பாதிக்கு மேல காலியா கெடக்கும்."

"கெடக்கட்டும்."

மாமா ஏதோ முனகினார். பிறகு, அந்த அழகான கறுப்புக் கல்லில் மூன்றே வரி என்றால் எழுத்தைப் பெரிதாகப் போடலாம், தூரத்திலிருந்தே தெரியும் என்று அவராகவே சமாதானமாகி, வெட்டுபவரைக் கூப்பிட ஓடினார்.

சனிக்கிழமை காலை பயிற்சி முற்றத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டி வண்டி நின்றது. அதன் பம்ப் பக்கத்தில், அன்றைக்குப் பணியிலிருந்த ஓர் இளம்பெண் சீருடையில் நேராக நின்றாள். நிலைய அதிகாரி பேசினார், பேசிவிட்டு அம்மாவை அழைத்தார். அம்மா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். காகிதம் எதுவும் கையில் இல்லை. முதல் வரிசையில் இருந்த ஒட்டகத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், கடைசியாகப் பம்ப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பேசும்போதும் பார்வையை அங்கிருந்து எடுக்கவில்லை.

"என் வீட்டுக்காரருக்குக் கை வழுக்கினதே இல்ல," என்று ஆரம்பித்தாள். "நான் இழுத்தேன். எப்படின்னு சொல்றேன், கேளும்மா."